மெழுகா, செல்லுலாய்டா, அரக்குத் தட்டா? உப்புக்காற்றுக் கரையில் பழைய ரெக்கார்டு சேர்ப்பவருக்கு

கடலோரத்தில் குடியிருந்துகொண்டு பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாடகர் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெங்களூரில் இருப்பவருக்கு அது சரி. இராமநாதபுரம் கரையில் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இருப்பவர், ரெக்கார்டு எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்று முதலில் கேட்பது நல்லது. பாம்பன் பாலத்து இரும்பைத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற வைத்த காற்று இது. நூறு வருஷத்துக்கு முந்தைய மெழுகையும் அட்டையையும் சும்மா விட்டுவிடுமா?

கையில் கொஞ்சம் பணம், வீட்டில் ஒரு அலமாரி இடம். இதை வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று யோசிப்பவருக்கு முன்னால் இருப்பவை மூன்று: மெழுகு உருளை, செல்லுலாய்டு (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) உருளை, அரக்கில் செய்த, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டு. எடிசன் கம்பெனி 1912 முதல் 1929 வரை விற்ற டயமண்ட் டிஸ்க் என்று நாலாவதும் ஒன்று உண்டு. கால் அங்குலத் தடிமன், நல்ல கனம், அருமையான ஒலி. ஆனால் ஈரம் ஏறினால் மேல்பூச்சு உப்பி உரிந்துவிடும். நம் ஊருக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எடிசன் 1877இல் முதலில் பதிவு செய்தது மெல்லிய வெள்ளீயத் தகட்டில். 1888 வாக்கில் அது கெட்டி மெழுகு உருளையாக மாறியது. பொதுவான உருளை நாலேகால் அங்குல நீளம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான விட்டம், உள்ளே ஓட்டை. இயந்திரத்தில் ஒரு பக்கம் லேசாகக் குறுகும் உலோகக் கூம்பு இருக்கும். அதன்மேல் உருளையைச் செருகிச் சுற்ற விடுவார்கள். உருளையில் ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கி ஒலி தரும். நமக்குப் பழக்கமான கிராமபோன் தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். அதனால் ஒன்றின் ஊசியும், ஊசியின் அசைவை ஒலியாக்கும் ஒலிப்பெட்டியும் இன்னொன்றுக்கு ஆகாது.

மெழுகு என்கிறோமே தவிர, உண்மையில் அது ஒருவகைச் சோப்பு. கொழுப்பு அமிலத்தைச் சோடியம், அலுமினியச் சேர்மங்களோடு காய்ச்சி, கூடவே செரசின் மெழுகு கலந்து வார்த்தது. கொழுப்பிலிருந்து வந்த பொருள் என்பதால் பூஞ்சைக்கு அது சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் துணியே காயாத நாட்களை நினைத்துப் பாருங்கள். காற்றின் ஈரம் எழுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் கரையில் வருஷத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது.

இவற்றில் மூத்தது பழுப்பு மெழுகு. 1880களின் கடைசியிலிருந்து 1902 வாக்கு வரை வந்தது. இளமஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து அடர்ந்த சாக்லேட் நிறம் வரை இருக்கும். சேகரிப்பவர்கள் இதன்மேல் உயிரை விடுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு அச்சு எடுத்துப் பல்லாயிரம் பிரதி போட வழியில்லை. பாடகர் பல இயந்திரங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அல்லது ஒன்றிலிருந்து சில பிரதிகளை இயந்திரத்தால் இழைத்து எடுப்பார்கள். வெற்று உருளை வாங்கி வீட்டிலேயே குரலைப் பதிந்தவர்களும் உண்டு. அதனால் ஒரு பழுப்பு உருளை உலகத்தில் வேறெங்கும் இல்லாத பதிவாக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஆசை காட்டும் இந்தக் குணமே அடையாளம் காண்பதைச் சிக்கலாக்குகிறது. பழுப்பு உருளையின் உடம்பில் பெரும்பாலும் எதுவுமே எழுதியிருக்காது. தலைப்பு ஒரு துண்டுச் சீட்டில் டப்பாவுக்குள் இருந்தது. சீட்டு எப்போதோ போயிருக்கும். என்ன பாட்டு என்று தெரிய வேண்டுமானால் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு குரல் பாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் உரக்கச் சொல்லும். அன்றைய வழக்கம் அது. ஆனால் மென்மையான பழுப்பு மெழுகில் ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேயும். டப்பாவில் உள்ள பெயரை நம்பி விலை பேசுவதும் ஆபத்துதான். நூறு வருஷத்தில் எந்த உருளை எந்த டப்பாவுக்குள் போனது என்று யாருக்குத் தெரியும்?

வாங்குவதற்கு முன் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருங்கள். உருளையின் மேல்பரப்பைத் தொடாமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஓட்டைக்குள் விட்டு மெல்ல விரித்துத் தூக்குங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தால் வெண்சாம்பல் புள்ளிகள் தெரியும். சிலவற்றில் புள்ளியைச் சுற்றி நட்சத்திரம்போல் கிளை பிரிந்திருக்கும். தூசி என்று விற்பவர் சொல்வார். லென்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் ஒலி பதிந்த வரியே இருக்காது. சின்னச் சின்னக் குழிகள்தான் இருக்கும். மேலே உள்ள வெள்ளையை மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம், ஆனால் குழி குழிதான். ஓட்டினால் எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு பாட்டு.

வெப்பமும் ஒரு பிரச்சினை. ஏ.சி. அறையிலிருந்து எடுத்த மெழுகு உருளையைச் சூடான உள்ளங்கையால் பிடித்தாலே விரிசல் விடுவதுண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் பார்சல் இராமநாதபுரத்தில் மே மாத வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

1902இல் எடிசன் கம்பெனி கருப்பு மெழுகில் வார்ப்பு உருளைகளைக் கொண்டுவந்தது. பெயர் ‘கோல்டு மோல்டடு’. இந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தங்கம் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பாவம். தங்கம் உருளையில் இல்லை. மூலப் பதிவின்மேல் வெற்றிடத்தில் தங்கத்தை மிக மெல்லிய படலமாகப் படிய வைத்து, அதன்மேல் செம்பு ஏற்றி அச்சு செய்தார்கள். அந்த அச்சிலிருந்து வார்த்த உருளைகள்தான் இவை. பழுப்பை விடக் கெட்டி, ஒலியும் கூடுதல், வேகம் நிமிஷத்துக்கு 160 சுற்று என்று நிலைத்தது. ஓடும் நேரம் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். முதல் ஒன்றிரண்டு வருஷம் போனபின், ஒரு முனையைச் சாய்வாகச் செதுக்கி, அதில் எண்ணையும் தலைப்பையும் பொறிக்கத் தொடங்கினார்கள். ஓட்டாமலே அடையாளம் காணலாம் என்பது பெரிய வசதி. கொலம்பியா கம்பெனியின் கருப்பு உருளைகளும் இதே காலத்தவை.

1908இல் வந்த ‘ஆம்பரால்’ மெழுகு உருளையில் வரிகளை இரட்டிப்பாக நெருக்கி நாலு நிமிஷம் ஓட வைத்தார்கள். அங்குலத்துக்கு 100 வரி இருந்தது 200 ஆனது. இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. இரண்டு நிமிஷ உருளையில் வரிகள் வெறும் கண்ணுக்கே தெரியும்; நாலு நிமிஷத்தில் பட்டுத்துணியின் மினுமினுப்பு மட்டும் தெரியும். இந்த ஆம்பரால் மெழுகு கண்ணாடிக்கு அண்ணன். சின்னத் தட்டலில் உடையும். கருப்பு மெழுகு எல்லாவற்றுக்கும் பூஞ்சை வரும், பழுப்பைவிடக் கொஞ்சம் மெதுவாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே மெழுகைப் பற்றி என் அபிப்பிராயம் கறாரானது. ஈரம் நீக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓடும் ஒரு அறை உங்களிடம் இல்லையென்றால், இந்தக் கரையில் மெழுகு உருளை வாங்காதீர்கள். ஒலிக்காப்பகங்கள் இருபது டிகிரிக்குக் கீழே, நாற்பது முதல் ஐம்பது சதவீத ஈரத்தில் வைக்கின்றன. நம் வீட்டில் மின்சாரம் போய் ஏ.சி. நின்று, திரும்ப வந்து குளிரும் ஒவ்வொரு முறையும் உருளைமேல் ஈரம் வேர்க்கும். விட்டுவிட்டு ஓடும் ஏ.சி.யை விட, கடல் பார்க்காத நடு அறையின் சீரான வெப்பமே மேல்.

அடுத்தது செல்லுலாய்டு. இதில் பூஞ்சைக்கு வேலை கிடையாது, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. 1900 வாக்கில் சிகாகோவில் லாம்பர்ட் கம்பெனி இதைத் தொடங்கியது. அதன் இளஞ்சிவப்பு உருளைகள் பார்க்க மிட்டாய்போல இருக்கும், விலையும் எட்டாது. பழைய செல்லுலாய்டு சுருங்கும் என்பதால் பல லாம்பர்ட் உருளைகள் இன்று இயந்திரக் கூம்பில் ஏறுவதில்லை. அலங்காரத்துக்கு வாங்குபவர் வாங்கட்டும்.

1907இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியிலிருந்து வந்த ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ என்ற கருப்பு உருளைகள் மலிவாகக் கிடைக்கும். பெயரே ‘அழியாதது’. பார்த்தால் கருப்பு மெழுகு மாதிரியே இருக்கும். நகத்தால் முனையை லேசாகத் தட்டினால் மெழுகில் மந்தமான சத்தம் வரும். இதில் பிளாஸ்டிக் சத்தம் வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் பழுப்பு அட்டைக் குழாய், இரண்டு முனையிலும் உலோக வளையம். நம் கவலை அந்த அட்டையும் வளையமும்தான். அட்டை ஈரம் குடிக்கும், வளையம் உப்பு பூத்துத் துருப்பிடிக்கும். மேல் தோல் அழியாது, உள்ளிருப்பது அழியும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைப் புகழ்வது அவர்கள் ஊர்க் காற்றை வைத்து.

இந்த வகையில் நான் கைகாட்டுவது ‘ப்ளூ ஆம்பரால்’. எடிசன் கம்பெனி 1912இல் தொடங்கி, உருளைத் தயாரிப்பையே நிறுத்திய 1929 வரை வெளியிட்டது. பளிச்சென்ற நீலச் செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நாலு நிமிஷம் ஓடும். நீலத்தில் அல்லாமல் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில் இருந்தால் அது ‘ராயல் பர்ப்பிள்’ என்ற உயர்வகை.

அடையாளம் காண்பதில் இதைப்போல் சுலபமானது இல்லை. செதுக்கிய முனையை வெளிச்சத்தில் திருப்பினால் கம்பெனியின் பெயர், தலைப்பு, எண் எல்லாம் வெள்ளை எழுத்தில் வட்டமாக ஓடும். வெள்ளை உதிர்ந்திருந்தால் விரல் நுனியில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தொட்டு எழுத்தின்மேல் மட்டும் தடவினால் தெளியும். வரிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொது வரிசை 1501இல் தொடங்கி 5719 வரை போகிறது. சின்ன எண்களைத் தேடுங்கள் என்பேன். 1915 வாக்கிலிருந்து பெரும்பாலான ப்ளூ ஆம்பரால்கள் நேரடிப் பதிவு கிடையாது. டயமண்ட் டிஸ்க்கை ஓட்டவிட்டு அதிலிருந்து எடுத்த நகல்கள். காதுக்கே தெரியும்: குரல் ஒரு அடி பின்னால் நிற்கும், தொடக்கத்தில் தட்டின் இரைச்சல் கேட்கும்.

இதற்கும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளிருக்கும் பிளாஸ்டர் ஈரத்தில் உப்பும். அப்புறம் உருளை கூம்பில் முழுதாக ஏறாது. தலைப்பு உள்ள முனை வெளியே பார்க்க, மெல்லச் செருகிப் பாருங்கள். அரை அங்குலம் மீதி நிற்கிறதா, தள்ளாதீர்கள். தள்ளினால் செல்லுலாய்டு நீளவாக்கில் பிளக்கும். ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுச் சீராகத் தேய்த்து, அடிக்கடி மாட்டிப் பார்க்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டால் உருளை தள்ளாடி, ஒலி அலையும். வாடை அடிக்கும் மாதங்களில் இந்த வேலையில் இறங்காமல், கச்சான் காற்று காய்ச்சும் ஆனி, ஆடியில் செய்வது உத்தமம். அப்போது தேய்ப்பதும் குறைவாகவே தேவைப்படும்.

இன்னொன்று. இந்தச் செல்லுலாய்டு பழைய சினிமா ஃபிலிம் இனம், நைட்ரேட். தீ பட்டால் பற்றும். சாம்பிராணி போடுகிற அறையிலும் விளக்கு மாடத்தின் பக்கத்திலும் வைக்கக்கூடாது. காற்றே புகாமல் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தும் வைக்கக்கூடாது, அதிலிருந்து வரும் ஆவி அதையே அரிக்கும். அட்டைப் பெட்டியில் நட்டமாக நிறுத்தி, பெட்டிக்கு வெளியே அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை பைகளைச் சூடுகாட்டி எடுத்தால் போதும். அரிசி மூட்டையில் புதைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு; வண்டுதான் வரும். பாச்சை உருண்டை பூச்சிக்கு; ஈரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஓலைக் கொட்டானில் போட்டு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பார்வைக்கு அழகுதான், ஓலையைத் தின்னும் பூச்சியோடு சேர்த்து வரும்.

இயந்திரம் வாங்கும்போது உருளையோடு பொருத்தம் பார்ப்பது கல்யாணப் பொருத்தத்தை விட முக்கியம். இரண்டு நிமிஷ மெழுகுக்கு எடிசனின் ‘சி’ ஒலிப்பெட்டி. நாலு நிமிஷத்துக்கு ‘எச்’. இரண்டுக்கும் சேர்த்து ‘கே’. இவற்றில் இருப்பது நீலக்கல் ஊசி. ப்ளூ ஆம்பராலுக்கென்று வந்த வைர ஊசிப் பெட்டி கனமானது. அதை மெழுகில் வைத்தால் உழுதுவிடும். ஆம்பரோலா 30 என்ற மேசை இயந்திரம் நாலு நிமிஷ உருளைக்கு மட்டுமே உரியது, வைர ஊசி, ஒலி வரும் புனல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நீல உருளை மட்டும் வைத்துக்கொள்கிறவருக்கு அதுவே போதும். வெளிப்புனல் இல்லாததால் துடைத்துப் பாதுகாக்க வேண்டிய தகரமும் குறைவு. ஸ்பிரிங் கூடுக்குள் கிரீஸ் பாறையாகியிருக்கும், தோல் வார் பொடியாகியிருக்கும். இரண்டையும் எதிர்பார்த்தே வாங்குங்கள். பித்தளைப் புனல் பளபளக்கும் ‘பழைய எச்.எம்.வி.’ என்று சுற்றுலாக் கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் புதிதாகச் செய்தவை. அவற்றைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம்.

எல்லாம் சரி, அந்த நீல உருளையில் என்ன கேட்கப்போகிறோம்? அமெரிக்க பாண்டு வாத்தியம், பான்ஜோ, ஓபெரா, அந்தக் காலத்து நகைச்சுவைப் பேச்சு. நன்றாகவே இருக்கும். ஆனால் தமிழ்க் குரல் வேண்டும் என்று உருளைப் பக்கம் வருகிறவர் ஏமாறுவார். கடையில் விற்ற தமிழ் உருளை கைக்குக் கிடைக்கும் என்று நம்பி யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம். கல்கத்தாவில் வாசனைத் தைல வியாபாரி ஹேமேந்திர மோகன் போஸ் சுதேசி இயக்கக் காலத்தில் சொந்தமாக உருளை தயாரித்து, தாகூரின் குரலைக்கூடப் பதிந்து விற்றார். அவரும் சில வருஷங்களில் தட்டுக்கு மாறிவிட்டார். மற்றபடி இந்தப் பகுதியில் மெழுகு உருளையைக் கையாண்டவர்கள் ஆராய்ச்சியாளர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் செலிக்மன் தம்பதியர் 1907-08இல் வேடர் பழங்குடியினரின் பாட்டைப் பதிந்தார்கள். இசை ஆய்வாளர் ஃபாக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் 1910-11இல் இந்தியாவைச் சுற்றிப் பதிந்தார். அவையெல்லாம் ஆவணக்காப்பகத்துச் சொத்து. சந்தைக்கு வருபவை அல்ல.

தமிழ் கேட்க வேண்டுமென்றால் 78 சுற்றுத் தட்டுதான். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கினார்; சில வருஷத்தில் மெட்ராசிலும் பதிந்தார்கள். கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் தட்டுகள் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவை. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வரும்வரை, இங்கே பாடியது ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தது. அதனால் ஒருபக்கத் தட்டு ஒன்று கிடைத்தால் முதலில் பாட்டில்லாத முதுகைத் திருப்பிப் பாருங்கள். எழுதுகோலோடு குனிந்திருக்கும் தேவதை உருவம் அழுத்தப்பட்டு, ஹானோவர் என்ற பெயரும் இருந்தால் நீங்கள் பிடித்திருப்பது அந்த முதல் காலத்துப் பொருள். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் லேபிளில் அச்சான விற்பனை எண்ணோடு நிற்காமல், லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் கீறியோ அழுத்தியோ வைத்திருக்கும் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனை எண் மறுபதிப்பில் மாறும். பதிவு எண் மாறாது.

நம் கரைக்கு அரக்குத் தட்டு எப்படி? மெழுகோடு ஒப்பிட்டால் கல். அரக்கு, கல்பொடி, கரி, கொஞ்சம் பஞ்சு நார் சேர்த்து அழுத்தியது. பூஞ்சை வந்தாலும் பெரும்பாலும் மேலோடு நிற்கும். சொட்டு சோப்புக் கரைசல் கலந்த சுத்த நீரில் மென்மையான தூரிகையால் வரியோடு சுற்றித் துடைத்து, லேபிளில் நீர் படாமல் உடனே ஒற்றி எடுத்துவிடலாம். ஸ்பிரிட் மட்டும் கூடாது, அரக்கு அதில் கரையும். படுக்கை அடுக்காக வைத்தால் அடியில் உள்ளது உடையும். புத்தகம்போல் நட்டமாக, இடைவெளியில்லாமல் நிறுத்துங்கள். ஓட்டு வீட்டுப் பரணும் தகரக் கூரையின் கீழ் அறையும் எதிரிகள். வெயில் சூட்டில் தட்டு அப்பளம்போல வளையும்.

இதையெல்லாம் விட முக்கியமான வசதி, இவை இங்கேயே கிடைக்கின்றன. சீமையிலிருந்து பார்சல் வர வேண்டாம், சுங்கம் கட்ட வேண்டாம். கொழும்புக் கப்பலைப் பிடிக்கப் போகும் போட் மெயில் ரயில் 1914 முதல் பாம்பன் வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடியது. 1964 டிசம்பர் புயல்வரை கொழும்பு வியாபாரம் செய்த கீழக்கரைக் குடும்பங்களும் தொண்டிக் குடும்பங்களும் அதில்தான் போய்வந்தன. அந்த வீடுகளில் கிராமபோன் இருந்தது அதிசயமில்லை. அதைவிட நல்ல மூலம் பழைய மைக் செட்காரர்கள். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள். பெரியபட்டினம் பக்கம் அப்படி ஒருவரிடம், “காக்கா (அண்ணன்), பழைய தட்டெல்லாம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “எல்.பி. தட்டு வந்தப்புறம் இதையெல்லாம் யாரு தம்பி கேட்டா? பரண்ல கெடக்கும், ஏறிப் பாத்து எடுத்துக்க” என்றார். ஏறிப் பார்த்ததில் மேலே இருந்தவை வளைந்திருந்தன. சுவரை ஒட்டி, சாக்கில் சுற்றி நிறுத்தியிருந்த கட்டு மட்டும் நேராக இருந்தது: கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், நாடகச் செட்டுகளில் பாதி. கொலம்பியா, எச்.எம்.வி., ஓடியன், ட்வின் என்று எல்லா லேபிளும் கலந்து.

தட்டின் குறை என்ன? கல்யாண வீட்டுத் தட்டு தேய்ந்த தட்டு. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும் என்பது விதி. மைக் செட்டில் யார் மாற்றினார்கள்? வரிகள் சாம்பல் நிறமாகியிருந்தால் தேய்ந்தது என்று அர்த்தம், கருப்பாக மின்னினால் நல்லது. பிரபலமான பாட்டு தேய்ந்துபோயும், அதன் மறுபக்கத்து யாருக்கும் தெரியாத விருத்தம் புதுசாகவும் இருக்கும். எனக்கென்னவோ அந்த மறுபக்கங்களே பிடிக்கின்றன. கேட்பதற்கு எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டி கிராமபோன் போதும். நம் நாட்டில் உதிரியும் மெக்கானிக்கும் இன்னும் கிடைப்பது அதற்குத்தான்.

ஆக, தமிழ்ப் பாட்டுக்காக இறங்குபவர் யோசிக்காமல் தட்டில் இறங்கலாம். இயந்திரத்தின்மேல், உருளை என்ற அமைப்பின்மேல் மோகம் உள்ளவர் ஒரு ஆம்பரோலா 30, கூடவே 1915க்கு முந்தைய சில நீல உருளைகள் என்று நிறுத்திக்கொள்ளலாம். சாதாரணப் பாட்டென்றால் உருளையின் விலையை அஞ்சல் செலவு தாண்டிவிடும் என்பதால் ஒன்றொன்றாக வாங்காமல் மொத்தமாக வரவழைப்பது லாபம். விற்பவரிடம் முனையின் படமும் உட்புறத்தின் படமும் கேளுங்கள். மேல்பரப்பின் படம் மட்டும் அனுப்புகிறவரை விட்டு விலகுங்கள். ஆறு அங்குல நீள மெழுகு உருளையை ‘அரிய நீள ரெக்கார்டு’ என்று விற்பார்கள். அந்த நீளத்தில் கொலம்பியா இசை உருளையும் வந்தது உண்மைதான்; ஆனால் பெரும்பாலும் அது அலுவலகத்தில் கடிதம் சொல்லிப் பதிய வைத்திருந்த டிக்டாஃபோன் உருளை. அதில் பாட்டு இருக்காது.

கடைசியாக, வாங்காமலே வீட்டுப் பெட்டகத்தில் மெழுகு உருளை அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. ஓட்டிப் பார்க்காதீர்கள், முக்கியமாகப் பூஞ்சை இருந்தால். பழைய டப்பாவின் உள்ளே பஞ்சுத் துணி ஒட்டியிருந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். உருளையை வெளியே எடுத்து அமிலமில்லாத தாள் டப்பாவில் நட்டமாக நிறுத்துங்கள். துணி டப்பாவையும் சீட்டையும் தூக்கி எறியாமல் தனியாக வையுங்கள். அடையாளம் அதில்தான் இருக்கலாம். ஊசியே படாமல், கேமராவால் வரிகளை அளந்து ஒலியை மீட்கும் முறையை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புவது நினைத்தவுடன் நடக்காது. நூறு வருஷத்தைத் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய 1972ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. உங்கள் உருளை அதில் அடங்குமா என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் பேசிப் பாருங்கள். கலிபோர்னியா சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் உருளை ஒலிக்காப்பகம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்திருக்கிறது. முனையில் எண் தெரிந்தால் அதை அங்கே போட்டுத் தேடுங்கள். அதே பாட்டு ஏற்கெனவே இருந்தால், உங்கள் உருளையைச் சுழற்றவே தேவையில்லை.